உபயம்: ஹசன் அலி

மதுரை,
3.7.2025

அன்புள்ள குருபரா,

அல்லாஹ் காவலில் நலம். அரசாங்கக் காவலிலிருந்து வெளியே வந்துவிட்டதால் இரட்டை நலம். நீயும் சண்முகசுந்தரியும் மகள் விஜயஸ்ரீயும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வீடு தள்ளி இருக்கிற உனக்கு நான் ஸ்டாம்பு ஒட்டுகிறேன், பார். என்ன செய்ய? என் போன் ஸ்டேஷனில் அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் கிடக்கிறது. வேறு வாங்கலாம் என்றால் வக்கீல் சாலமோன் விடவில்லை. "அண்ணாச்சி, போன்ல பேசுதது எல்லாம் நாளைக்குக் கேஸ் கட்டுல ஏறும். பேசுததா இருந்தா தபால்ல பேசுங்க" என்றார். தங்கியிருப்பது என் சின்னம்மா மகன் அசன் மைதீன் வீட்டு மாடியறை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவன் போனில், தோஹாவிலிருக்கும் என் மகள் ஹனீனிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன். நிபந்தனை ஜாமீன் என்றால் இதுதான்: நம் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, தினமும் பத்தரைக்கு இங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்து. ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் பம்ப் ரிப்பேர் பார்த்தபோதுகூட நான் இத்தனை கையெழுத்துப் போட்டதில்லை.

ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் நிற்கிறது. சாக்கடைக் குழாயைப் படித்துறைக்குக் கொண்டுவராதே என்று மனு கொடுத்தோம். ஆற்றோரமாகவே நடந்து, கழிவுநீர் கலக்கிற இடத்தையெல்லாம் போனில் படம் பிடித்து மேப்பில் பதினான்கு புள்ளி வைத்தோம். அதிலெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மறியல் அன்று நான் ரோட்டுக்கே வரவில்லையே. முட்டிவலியோடு என் வீட்டு மாடியில் மோர்ப் பானைக்குக் காவல் இருந்தேன். உனக்குத் தெரியும், முதல் தம்ளர் குடித்தவனே நீதான்.

மறியலில் போலீஸ் ஜீப் கண்ணாடி உடைந்த பிறகு வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர், வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிய நம் மேப்பைப் பெரிதாக்கி எனக்கு வாசித்துக் காட்டினார். 'மோர், பானகம், குடிதண்ணீர். உபயம்: ஹசன் அலி, படித்துறை முக்கு வீடு.' "பேரு, வீடு எல்லாம் சரியா இருக்குலா வே? கெளம்பும்" என்றார். கூட்டம் கூட்டியது, மோர் ஊற்றியது, ஏவிவிட்டது எல்லாம் என் வீட்டிலிருந்துதான் என்று எழுதி என்னைக் கேஸில் முதல் எதிரி ஆக்கிவிட்டார்கள். ரோட்டில் உட்கார்ந்த பத்துப் பேரும் எனக்குப் பின்னால்.

அந்த வரியை எழுதியது யார்? மேப்புக்குக் கணக்குத் திறந்தது என் மச்சினன், ஜுபைதாவின் தம்பி முஹ்சின். பாஸ்வேர்டு பத்துப் பேருக்குத் தெரியும் என்கிறான். ஆனால் அவனைக் கூட்டிப் போய் இரண்டே மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். எனக்கு மனசு சரியில்லை. நீ அங்கே இருக்கிறாய், பையக் கேட்டுச் சொல்லு.

ஹனீனுக்கு ஆகஸ்டு பத்தாம் தேதி சொல்லியிருக்கிறார்கள். தலைப்பிரசவம், விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நானும் ஜுபைதாவும் அங்கே போவதாக இருந்தோம். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்தது போலீஸ் விசாரணையில் நிற்கிறது. துஆ செய்வாள் ஜுபைதா. நீ உன் அம்மனிடம் சொல்லிவை.

உன்
ஹசன்


திருநெல்வேலி,
7.7.2025

அன்புள்ள ஹசன்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். ஜெயிலுக்குப் போய் வந்தும் உன் வாய் குறையவில்லை என்று சண்முகசுந்தரி சிரித்தாள், பிறகு அழுதாள்.

உடன்குடிக் கருப்பட்டி ஒரு கிலோ தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அசன் மைதீன் வீட்டில் சர்க்கரைக் காப்பிதான் கொடுப்பார்கள், உனக்கு ஒத்துக்கொள்ளாது. உன் பம்ப் கடையைக் காலையில் ஒரு மணி நேரம் திறந்து உட்காருகிறேன். வருகிறவர்கள் உன்னைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்குத் தெரிந்தது மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும்தானே. குழாய் வேலை நின்றிருக்கிறது. குழியை மூடாமல் போட்டிருக்கிறார்கள். ஜுபைதா தைரியமாக இருக்கிறாள். காலையும் மாலையும் சண்முகசுந்தரி போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

விஜயஸ்ரீ அரசு வேலைப் பரீட்சையில் தேறிவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். வேலை ஆணை இன்னும் வரவில்லை. அவளுக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடக்கிறது.

நீ கேட்டதை விசாரித்தேன். பத்துப் பேர் ஒரே கணக்கைத் திறந்து எழுதியிருக்கிறார்கள். எந்த வரி யாருடையது என்று இப்போது பிரித்துச் சொல்வது கஷ்டம். எழுதியவர் யாராக இருந்தாலும் உனக்குக் கெடுதல் நினைத்து எழுதியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. அந்தப் புள்ளி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எடுத்தால் சாட்சியத்தை அழித்ததாகிவிடும் என்று சாலமோன் சொல்லிவிட்டார். தினமும் ஒரு முறை திறந்து பார்க்கிறேன். ஏன் பார்க்கிறேன் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

அன்புடன்,
குமரகுருபரன்


மதுரை,
12.7.2025

அன்புள்ள குருபரா,

கருப்பட்டி வந்தது. அசன் மைதீன் பிள்ளைகள் பாதியைத் தின்றுவிட்டார்கள், மீதியை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நேற்று முஹ்சின் வந்தான். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருகிறேன், ஸ்டேஷன் வாசலில் டிபன் தூக்கோடு நிற்கிறான். ஜுபைதா கொடுத்துவிட்ட நெய்ச்சோறு. ஏழு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

"மச்சான், அந்தப் பேர நான் போடல. நீங்களே நம்பாட்டா நான் எங்கன போயிச் சொல்ல?" என்றான்.

"ஒன்ன ரெண்டு மணி நேரத்துல எதுக்குலே விட்டாங்க? போலே. இனி எம் வாசல்ல வந்து நிக்காதே" என்றேன். சோற்றை வாங்கவில்லை. அங்கிருந்த பெஞ்சில் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனை வீட்டுக்குள் விட வேண்டாம் என்று ஜுபைதாவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இதற்கிடையில் சாலமோன் ஒரு வழி சொன்னார். எழுதியவர் தானே வந்து, 'இது நான் எழுதியது, ஹசன் அலிக்குத் தெரியாது' என்று வாக்குமூலம் கொடுத்தால், நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். நீதிமன்றம் அனுமதித்தால் பாஸ்போர்ட்டும் நகரும். இல்லையென்றால் ஆகஸ்டுக்குள் ஒன்றும் நடக்காது. எல்லாம் அந்த ஒரு ஆளின் வாயில் இருக்கிறது, குருபரா.

ஆகையால் நீ போய் முஹ்சினிடம் பேசு. எனக்குப் பயப்படுவான், உன்னை மதிப்பான். ஒத்துக்கொள்ளச் சொல்லு. ஒத்துக்கொண்டால் நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன் என்றும் சொல்லு. ஹனீன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "வாப்பா, டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்கிறாள். அவளுக்குக் கேஸ் விஷயம் இன்னும் சொல்லவில்லை.

உன்
ஹசன்


திருநெல்வேலி,
18.7.2025

அன்புள்ள ஹசன்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்னபடி முஹ்சின் கடைக்குப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான், டீ வாங்கி வரச் சொன்னான். "அண்ணாச்சி, ஒங்களுக்காவது தெரியுமா, யாருன்னு?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் அவன் கடை விஷயம் பேசிவிட்டு வந்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நீயும் அவனை ரொம்பக் கோபித்துக்கொள்ளாதே. சோற்றைத் தள்ளியது அதிகம்.

நம் தெரு அம்மன் கோயில் கொடை விழா ஆகஸ்டு 12, செவ்வாய்க்கிழமை. கமிட்டி கூடிவிட்டது. நோட்டீஸ் எழுதுகிற வேலை வழக்கம்போல என் தலையில். ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஒரு வருஷம் பேச மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். பந்தலுக்கு ஒருவர், வில்லுப்பாட்டுக்கு ஒருவர், டியூப் லைட்டுக்கு ஒருவர் என்று எழுதிக்கொண்டே போகிறேன். மோர்ப் பந்தல் என்று எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இந்த வருஷம் நீ இல்லாமல் எப்படி என்று தலைவர் பூதலிங்கம் அண்ணாச்சியே கேட்டார்.

எனக்குத் தூக்கம் சரியில்லை. பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். சாப்பாடு இறங்கவில்லை என்று சண்முகசுந்தரி கோபப்படுகிறாள். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கஷ்டத்தில் இருப்பவன் நீ.

அன்புடன்,
குமரகுருபரன்


மதுரை,
23.7.2025

அன்புள்ள குருபரா,

நேற்று சாலமோன் வந்திருந்தார். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் அறிக்கை பாதகமாகப் போய்விட்டதாம். ஹனீனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. "பரவாயில்ல வாப்பா, நீங்க பத்திரமா இருங்க" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அதற்கு அவள் அழுதிருந்தால் தேவலை.

முஹ்சின் கடையைக் காலி செய்கிறானாம். அடுத்த மாதம் ஷார்ஜா போகிறான். ஜுபைதா கடிதம் போட்டிருக்கிறாள், "ஒங்க பேச்சக் கேட்டு எந்தம்பிய வாசல்ல வச்சே அனுப்பிட்டேன், அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டே போறான்" என்று. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அவள். நான் செய்தது சரிதானா, தெரியவில்லை. நீ போய்க் கேட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உனக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரை மாற்று. என் கேஸை நினைத்து நீ ஏன் இளைக்கிறாய்?

சிரிப்புக்கு ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாகக் கொடைக்கு மோர் ஊற்றுகிறேன். நோட்டீசில் இடம் பற்றவில்லை என்று நீ ஒவ்வொரு வருஷமும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவாய். கடைசியில் எனக்கு எங்கே இடம் கிடைத்திருக்கிறது, பார்த்தாயா? உலக மேப்பிலேயே போட்டுவிட்டார்கள்.

உன்னைத் தவிர எனக்கு எழுத ஆளில்லை. சீக்கிரம் பதில் போடு.

உன்
ஹசன்


திருநெல்வேலி,
28.7.2025

ஹசன்,

அந்த வரியை எழுதியது நான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் மறுபடியும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

மறியல் அன்று, ஜூன் 16, காலை பதினொரு மணி. உன் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மாடிச் சுவரோரம் நின்று போனைத் திறந்தேன். முஹ்சின் உன் வீட்டின் மேல் ஒரு நீலப் புள்ளி வைத்து 'தண்ணீர்' என்று மட்டும் எழுதியிருந்தான். பெயர் இல்லை, வீடு இல்லை. அவன் விவரம் தெரிந்து, சரியாகத்தான் செய்திருந்தான். என் கண்ணுக்கு அது குறையாகப் பட்டது. யார் கொடுக்கிற தண்ணீர் என்று இருக்க வேண்டாமா? கொடை நோட்டீஸ் எழுதி எழுதிப் பழகிய கை. கொடுத்தவன் பெயர் இல்லாமல் எதையும் விட்டுவைக்கத் தெரியாது. மோர், பானகம், குடிதண்ணீர் என்று பிரித்து எழுதி, உபயம் போட்டு, வீட்டு அடையாளமும் சேர்த்துவிட்டேன். யார் யார் படிப்பார்கள் என்று ஒரு கணம் நினைக்கவில்லை.

பழக்கதோஷம் என்று இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் இல்லை. நோட்டீசில் இடம் பற்றாமல் இருந்ததே இல்லை, ஹசன். முதல் வருஷம் உன் பெயரை எழுதிக்கொண்டு போனேன். "மோரு குடிக்கோம்லா, அது போதும். அம்மன் நோட்டீசுல அந்தப் பேரு எதுக்கு வே?" என்றார் பூதலிங்கம் அண்ணாச்சி. இரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். பேசாமல் ஒரு கோடு கிழித்தேன். உன்னிடம் வந்து இடமில்லை என்றேன். "வெயிலுக்கு மோரு போதும்லே, பேரு எதுக்கு?" என்று நீ சிரித்தாய். பன்னிரண்டு வருஷம் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கமிட்டி இல்லாத ஒரு இடம் என் கையில் இருந்தது. போட்டுவிட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

நீ கைதானபோதே சொல்லியிருக்க வேண்டும். விஜயஸ்ரீயின் சரிபார்ப்பு முடியட்டும், அப்பா பேரில் கேஸ் வந்து அவள் ஆணை நின்றுவிடக் கூடாது என்று பயந்தேன். என் மகளுக்காக உன் மகள் காத்திருக்கட்டும் என்று நினைத்திருக்கிறேன். இப்படி எழுதிப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. அதைவிடவும் கேவலம், முஹ்சின் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது "தெரியாதுப்பா" என்றேன். அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்து, அவன் ஒத்துக்கொள்ளவில்லை என்று உனக்கு எழுதினேன்.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் வீட்டில் சொன்னேன். விஜயஸ்ரீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இத வச்சிக்கிட்டு எப்டிப்பா அந்த வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்க?" என்றாள்.  இன்று காலை சாலமோனோடு போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் பன்னிரண்டாவது எதிரி. உன் நிபந்தனையைத் தளர்த்த நாளையே மனுப் போடுகிறார். அங்கிருந்து நேராக முஹ்சினிடம் போய்ச் சொன்னேன்.  அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

நோட்டீஸ் அச்சாகிவிட்டது. ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயர் இல்லையென்றால் எழுத வேறு ஆளைப் பாரும் என்று பூதலிங்கம் அண்ணாச்சியிடம் சொன்னேன். "போட்டுத் தொலையும் வே" என்றார். இவ்வளவுதான் விஷயம் என்றால், முதல் வருஷமே சொல்லியிருக்கலாம்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

குமரகுருபரன்


திருநெல்வேலி,
8.8.2025

குமரகுருபரனுக்கு,

முந்தாநாள் ஊர் வந்து சேர்ந்தேன். ஆட்டோவிலிருந்து நான் இறங்கியதை நீ ஜன்னலில் நின்று பார்த்தாய். நானும் பார்த்தேன். மதுரையிலிருந்து தபால் போட்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு இப்போதும் போடுகிறேன் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது.

ஹனீனுக்குத் திங்கட்கிழமையே பெண் குழந்தை பிறந்துவிட்டது. இருவரும் நலம். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறார் சாலமோன். குழந்தையை முதலில் பார்த்தது முஹ்சின் போனில். வீட்டுக்குள் நுழையுமுன் அவன் கடைக்குத்தான் போனேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது என்றேன். "விடுங்க மச்சான், புள்ளயப் பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினான். ஷார்ஜா போவதை மட்டும் அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

என் பெயரைப் போட்டதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மறியலுக்கு உபயம் போட உன்னை விட்டால் இந்தப் பூமியில் யார் இருக்கிறான்? எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நோட்டீஸ் விஷயமும் எனக்குப் புதிதில்லை. அடியில் அரைப் பக்கம் வெறுமையாக விட்டு அச்சடித்த நோட்டீசைக் கொண்டுவந்து இடமில்லை என்பாய். நம்புகிறதற்கு நான் என்ன சின்னப் பிள்ளையா? நீ சங்கடப்படக் கூடாது என்றுதான் நம்பினேன்.

ஆனால் முஹ்சின் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினாயே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பாளையங்கோட்டையில் உள்ளே இருந்த பதினைந்து நாள் எனக்கு மறந்துபோகும். பெஞ்சில் தூக்கை வைத்துவிட்டு அவன் போனதுதான் கண்ணில் நிற்கிறது. அவனைப் போகச் சொன்னது நான், அது என் தப்பு. அதற்கு முன்பே நீ ஒரு வரி எழுதியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அது உன் தப்பு. நான் என்னுடையதை அவனிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

கொடைக்கு மோர் வரும். அம்மனோடும் வெயிலோடும் எனக்கு என்ன சண்டை? நீ வந்தால் ஜுபைதா ஊற்றுவாள். விஜயஸ்ரீக்கு ஆணை வந்ததும் வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லு. என்னிடம் மட்டும் நீ பேச வராதே. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

நீ ஜூலை 7, ஜூலை 18 தேதிகளில் எழுதிய இரண்டு கடிதங்களையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். அவற்றை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 28-ஆம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கட்டும்.

ஹசன் அலி,
படித்துறை முக்கு வீடு.